பல்லினும் பெரிதாகக் கடைவது ஏன்?

மணவாளக்குறிச்சிக் கருமணலிலிருந்து ஐ.ஆர்.இ. மணல் ஆலையார் இல்மனைட், மோனசைட் முதலியவற்றோடு பிரித்தெடுக்கும் சிர்க்கான் என்ற கனிமமே, இன்று நாகர்கோவில் போன்ற ஊர்களிலும் பல்லுறையாகப் பொருத்தப்பெறும் சிர்க்கோனியாவுக்கு மூலப்பொருள். சுத்தமான சிர்க்கோனியா, சூளையிலிருந்து ஆறும்போது தன் ஸ்படிக அமைப்பு மாறிக் கன அளவில் பருத்து வெடித்துப்போகும் சுபாவமுடையதாதலால், சிறிதளவு இட்ரியாவைக் கலந்து அதை நிலைப்படுத்துகிறார்கள். பின்னொரு நாள் விரிசல் எழ முற்படுமிடத்தில் மாத்திரம் அதே மாறுதல் நிகழ்ந்து, துகள்கள் பருத்து, அவ்விரிசலின் வாயை நெருக்கிவிடுவதைப் பதார்த்த விஞ்ஞானத்தின் பேரதிசயங்களுள் ஒன்றென்றே நான் கருதுகிறேன்.

முற்றும் வெந்த சிர்க்கோனியாவைக் குடைவது வைரம் பதித்த கருவிக்கும் பெருஞ்சிரமமாகையால், சாக்குக்கட்டிபோல் மென்மையான அரைவேக்காட்டு வில்லையிலிருந்தே பல்லுறையைக் கடைசல் எந்திரம் கடைகிறது. பின்பு ஏறக்குறைய 1500 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் அது ஒவ்வொரு திசையிலும் சுமார் 20 சதவிகிதம் சுருங்குமாதலால், அக்கணக்கின்படி உறையை முன்கூட்டியே பெரிதாகக் கடைந்தாக வேண்டும். இக்கணக்கு பிசகி விளிம்பில் சிறு இடைவெளி நேரினும், அதன் வழியே சொத்தை புகும்.

ஆகவே எந்திரம் வாங்குவோர், விலையைக் கேட்குமுன், அது வில்லைதோறும் வேறுபடும் சுருக்க அளவை ஏற்குமா, குறுகலான உட்புறங்களை எட்டும்படி ஐந்து அச்சுகளில் இயங்குமா, நுண்தூசியை முழுதும் உறிஞ்சுமா என்று விசாரித்தல் அவசியம். கண்ணாடிப் பீங்கானையும் கடைய விரும்புவோர்க்கு நீர் பாய்ச்சும் வசதியும் வேண்டும். ஆயின் அந்த ஈரம் முற்றும் உலருமுன் சிர்க்கோனியா வில்லையை ஏற்றலாகாது.