வளவில் கிடக்கும் பழைய பைபர் படகு

இடம்பெயர்ந்து திரும்பியபோது எம்மில் பலருக்கு வளவில் எஞ்சியிருந்தவை கிணறும் சில பனைகளும் துருப்பிடித்த இரும்பும்தான். கடலேரிக் கரையோரக் கிராமங்களில் இவற்றோடு ஒரு பைபர் படகும் பற்றைக்குள் கவிழ்ந்து கிடந்ததுண்டு. தோட்டக்காரருக்குப் படகு எதற்கு என்று சிலர் கேட்பர். 1990களில் தரைப்பாதை மூடிக்கிடந்த காலத்தில் கிளாலிக் கடலேரியைக் கடந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அக்கரையில் வயலோ தென்னையோ உள்ளவருக்கு விதைநெல்லையும் பசளையையும் ஏற்றிச் செல்லப் படகு ஒரு வண்டிக்குச் சமமானது.

எமது பகுதியில் பைபர் படகு புதிய பொருளன்று. நோர்வே மக்களின் உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் தளத்தில் இத்தகைய படகுகள் கட்டப்பட்டன. அக்காலப் படகுகள் தடிப்பானவை. பல வருடங்கள் வெயிலில் கிடந்தாலும் கண்ணாடியிழை மரம்போல் உக்குவதில்லை. உக்குவது அதன் உள்ளே வைத்து மூடிய பலகைதான். ஆகவே மேற்பூச்சைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம்.

முதலில் ஒரு சிறு சுத்தியலின் பிடியால் படகு முழுவதையும் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று ஒலிக்கும். உக்கிய இடமும் படை விட்ட இடமும் மந்தமாக ஒலிக்கும். எஞ்சின் பூட்டும் பின்பலகையை மிகக் கவனமாகப் பார்க்கவேண்டும். எஞ்சினின் முழு உந்தலையும் தாங்குவது அதுவே. போல்ற் துளைகளால் உப்புநீர் உட்புகுந்து பலகையை மாவாக்கியிருக்கும். ஒரு துளைக்குள் கம்பியை விட்டுத் திருகுங்கள். ஈரமான கறுப்புத் தூள் வந்தால் பின்பலகையை மாற்றியே ஆகவேண்டும். அடிச்சட்டங்களும் உக்கி, அணியத்திலும் பெரிய வெடிப்பு இருந்தால் அந்தப் படகை விட்டுவிடுவதே நல்லது. செலவு புதியதை எட்டிவிடும்.

பின்பலகையை மாற்றும்போது உட்பக்கத் தோலை வெட்டி, உக்கிய மரத்தை முழுதாகச் சுரண்டி எடுத்து, உலர்ந்த மரைன் பிளைவூட்டை றெசினால் ஒட்டி மீண்டும் மூடவேண்டும். இங்கே நாங்கள் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறோம். மாரி முடிந்த கையோடு அவசரப்பட்டு, உள்ளே ஈரம் இருக்கவே ஒட்டினோம். மூன்று மாதத்தில் ஒட்டு அப்படியே உரிந்து வந்தது. றெசினுக்கும் மாய்க்கும் கொடுத்த காசு போனது. அடுத்த முறை படகை நன்னீரால் கழுவி, நிழலில் நிமிர்த்தி வைத்து, பங்குனி வெயில் வரும்வரை பொறுத்திருந்தோம்.

வெடிப்பின் மேலே பூசி மூடுவது பயனற்றது. வெடிப்பின் இரு பக்கமும் சாய்வாக அராவவேண்டும். ஐந்து மில்லிமீற்றர் தடிப்புள்ள தட்டில் ஒவ்வொரு பக்கமும் ஆறு சென்ரிமீற்றர் அகலத்துக்குச் சாய்வு வேண்டும். பின்னர் பைபர் மாற்றைச் சிறிய துண்டு, பெரிய துண்டு என ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து றெசினில் ஊறவிட்டு, உருளையால் காற்றுக்குமிழிகளை வெளியேற்றவேண்டும். சதுர மீற்றருக்கு 450 கிராம் உள்ள மாற்றானால், ஒரு சதுர மீற்றர் படைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ றெசின் செல்லும்.

றெசினுக்குச் சேர்க்கும் ஹாட்னர் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை. எமது வெப்பத்துக்கு ஒன்றே போதும். அதாவது ஒரு கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி. கூட்டினால் கையில் இருக்கும்போதே இறுகிவிடும். ஒரு தடவையில் அரைக் கிலோவுக்கு மேல் கலக்கவேண்டாம். மிஞ்சியது தகரத்துக்குள் தானாகவே சூடேறிப் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். கிடுகுக் கொட்டிலுக்குள் இந்த வேலை வேண்டவே வேண்டாம். மரநிழல் போதும். பீடியும் அடுப்பும் தூரத்தில் இருக்கட்டும். ஹாட்னர் கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடி அணியவேண்டும். பட்டுவிட்டால் கால்மணி நேரமாவது நன்னீரால் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். கோபால்ற் எனும் ஊதாநிறத் திரவத்தைத் தனியாகத் தந்தால், அதை முதலில் றெசினோடு நன்கு கலந்த பின்னரே ஹாட்னரை விடுங்கள். இரண்டும் நேராகச் சேர்ந்தால் வெடிக்கும். அராவும்போது பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். மூக்கையும் வாயையும் மூடி, நீண்ட கைச்சட்டை அணியுங்கள்.

எஞ்சின் இறுகியிருந்தால் கயிற்றை வலிந்து இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி அந்தத் துளைக்குள் சிறிது எண்ணெய் விட்டு, சில நாட்கள் ஊறிய பின் சில்லைக் கையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். கியர் எண்ணெய் பால்போல் வந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. நீர்ப் பம்பின் ரப்பர் விசிறியைப் புதிதாகவே போடுங்கள். மற்றவை மெக்கானிக்கின் வேலை.

இனி ரெயிலர். வளவில் நின்ற பழைய பெட்டியின் சேசிசில் சட்டம் அடித்து, படகை ஏற்றப் பயன்படுத்தலாம். சில்லை உயர்த்திச் சுழற்றுங்கள். கரகரப்புக் கேட்டால் பெயரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். குழி விழுந்திருந்தால் மாற்றவேண்டும். நல்லதானால் கிறீசை உருளைகளுக்குள் கையால் அழுத்தி நிரப்பிப் பூட்டுங்கள். நட்டை இறுக்கியபின் சற்றே பின்திருப்பி, ஊசியும் மூடியும் போடவேண்டும். இரும்புப் பெட்டிச்சட்டங்கள் உள்ளிருந்தே துருப்பிடிப்பவை. சுத்தியலால் தட்டினால் ஓட்டை விழும் இடத்தை வெட்டிவிட்டுப் புது இரும்பு ஒட்டவேண்டும்.

பாரத்தின் பத்தில் ஒரு பங்கு முன்பக்கக் கொக்கியில் நிற்கும்படி படகை வையுங்கள். எஞ்சின் பாரத்தால் பின்பக்கம் தாழ்ந்தால் லான்ட்மாஸ்டரின் பிடி கையை விட்டு எழும்பும். கரையை அடைந்ததும் பெயரிங் ஆறும்வரை நிறுத்துங்கள். சூடான பெயரிங்கை நீரில் இறக்கினால் அது உப்புநீரை உறிஞ்சிவிடும்.

முதல் நாளே ஆட்களை ஏற்றாதீர்கள். இடுப்பளவு நீரில் படகைக் கட்டி, இருபது லீற்றர் கான்களில் நீர் நிரப்பி, ஆட்களின் பாரத்துக்கு ஈடாக ஏற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் உள்ளே எவ்வளவு நீர் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு சிரட்டைக்கு மேல் இருந்தால் மீண்டும் கரையேற்றிக் கசியும் இடத்தைத் தேடவேண்டும்.