பெரிய திரை லேப்டாப் நம் கூட்டமைப்புக்குத் தேவையா?



அலுவலகத்துக்கு லேப்டாப் வாங்கலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தாலே இரண்டு குரல் எழும்புகிறது. "வாங்குறதுதான் வாங்குறோம், பெரிய திரையா வாங்கிடலாமே அக்கா, எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியுமே" என்பார்கள் சிலர். "தூக்கிட்டு பஸ் ஏறுறது நான்தானே" என்பார் கணக்காளர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சந்தாவாகவும் சேவைக் கட்டணமாகவும் நம் குழுக்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணம் இது. அதனால் கடைக்குப் போகும் முன் விவரம் தெரிந்துகொள்வோம்.

முதலில் அளவைப் பார்ப்போம். 2006-ல் அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச கலர் டிவியை 14 அங்குலம் என்றார்கள், ஞாபகம் இருக்கிறதா? அது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே அளந்த அளவு. லேப்டாப்பிலும் அப்படித்தான். ஆனால் அந்த டிவி கிட்டத்தட்ட சதுரம். இன்றைய லேப்டாப் திரை அகலமானது, உயரம் குறைவு. அதனால் 14 அங்குலம் என்று சொன்னாலும் உயரம் சுமார் 17 சென்டிமீட்டர்தான் வரும்.

கடைகளில் அதிகமாகக் கிடைப்பது 14, 15.6, 17.3 ஆகிய அளவுகள். பெரிய திரை என்று நாம் சொல்வது 17.3 அங்குலத்தை. அது சுமார் 38 செ.மீ. அகலம், 21 செ.மீ.க்குக் கொஞ்சம் அதிக உயரம். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாளைப் படுக்கப் போட்டால் அந்தத் திரைக்குள் அப்படியே அடங்கிவிடும். 14 அங்குலத் திரையில் தாளின் அகலம் அடங்கும், உயரம் அடங்காது. 17.3 அங்குலத் திரையின் பரப்பு 14 அங்குலத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

இதனால் நமக்கு என்ன லாபம்? நம் குழுத் தலைவிகளிலும் பொருளாளர்களிலும் பாதிப் பேருக்கு மேல் நாற்பதைத் தாண்டியவர்கள். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வருவது இயற்கை. கிட்டத்தில் இருக்கும் சின்ன எண் மங்கும். கணக்காளர் கடன் தொகையைப் பதிவு செய்துவிட்டு "சரியா இருக்கு பாருங்கக்கா" என்று திரையைத் திருப்பும்போது, தெரியாமலே "சரி சரி" என்று தலையாட்டுகிறோம். பிறகு அச்செடுத்த தாளில் கையெழுத்துப் போடுகிறோம். ரொக்கப் பதிவேடும் பேரேடும் நோட்டாக இருந்தவரை பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துப் பார்த்தோம். கம்ப்யூட்டர் வந்த பிறகு கணக்கு ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரிவதாகிவிடக் கூடாது. 5,000-க்கும் 50,000-க்கும் ஒரு பூஜ்யம்தான் வித்தியாசம். அதைப் பதிவு செய்யும்போதே இன்னொருவர் பார்த்துச் சொல்லிவிட்டால், தணிக்கை நேரத்தில் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு லாபம் கீபோர்டில் இருக்கிறது. 17.3 அங்குல லேப்டாப்பிலும், பல 15.6 அங்குல லேப்டாப்பிலும் வலது பக்கம் கால்குலேட்டர் மாதிரி எண்களுக்கென்றே தனிக் கட்டம் இருக்கும். 14 அங்குலத்தில் பெரும்பாலும் இருக்காது, மேல் வரிசை எண்களைத் தேடித் தேடி அடிக்க வேண்டும். இருபது குழுக்களின் சேமிப்பையும் கடன் தவணையையும் ஏற்றும் பெண்ணுக்கு இந்தக் கட்டம் பெரிய உதவி. சின்ன லேப்டாப் ஏற்கெனவே இருக்கிறவர்கள் எண் கட்டத்தை மட்டும் தனியாக வாங்கி ஒயரில் மாட்டிக்கொள்ளலாம். விலை கொஞ்சம்தான்.

இப்போது பலரும் ஏமாறும் இடத்துக்கு வருவோம். திரை பெரிது என்றால் அதிக விவரம் தெரியும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. திரை முழுக்க மிகச் சிறிய ஒளிப்புள்ளிகள் இருக்கின்றன. எத்தனை விவரம் தெரியும் என்பதை அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது. 1366-க்கு 768 என்று போட்டிருந்தால் மொத்தம் சுமார் பத்தரை லட்சம் புள்ளி. 1920-க்கு 1080 என்றால் இருபது லட்சத்துக்கும் மேல். எழுத்தளவைக் கூட்டாமல் எக்செல்லைத் திறந்தால் முதலாவதில் சுமார் 20 பத்திகள் தெரியும், இரண்டாவதில் 28 வரை தெரியும். 14 அங்குலமும் 17.3 அங்குலமும் இரண்டுமே 1920-க்கு 1080 என்றால், தெரிகிற பத்திகள் இரண்டிலும் ஒன்றேதான். பெரியதில் எழுத்து மட்டும் கால் பங்கு பெரிதாக இருக்கும். ஆகவே புள்ளி குறைந்த பெரிய திரையைக் "சல்லிசு" என்று கடைக்காரர் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கோணத்தையும் பார்க்க வேண்டும். சில திரைகளை நேராகப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு நிறம் மாறி மங்கும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பார்ப்பதற்குத்தானே பெரிய திரை கேட்கிறோம்? ஐ.பி.எஸ். வகைத் திரை என்றால் பக்கவாட்டிலும் நன்றாகத் தெரியும். பெயரைக் கேட்பதோடு விடாமல், கடையிலேயே இரண்டு பக்கமும் நின்று பாருங்கள். கண்ணாடி போலப் பளபளக்கும் திரையும் வேண்டாம். வாசல் வெளிச்சம் பட்டால் கணக்குக்குப் பதில் நம் முகம்தான் தெரியும்.

இனி குறைகள். முதல் குறை எடை. 14 அங்குல லேப்டாப் சுமார் ஒன்றரை கிலோ. 17.3 அங்குலம் இரண்டு கிலோவுக்கு மேல், சிலது மூன்று கிலோவைத் தொடும். சார்ஜர் எடை தனி. ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்கிற கணக்காளர் ஒரு தோளில் இதையும் மறு தோளில் பதிவேடுகளையும் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். சாதாரண லேப்டாப் பைகள் 15.6 அங்குலத்துக்குத்தான் தைக்கப்படுகின்றன. 17.3 அதில் நுழையாது, ஜிப் மூடாது, மூலை இடிபடும். திரை உடைந்தால் மாற்றும் செலவும் சின்னத் திரையைவிடப் பெரும்பாலும் கூடுதல், உதிரித் திரை கிடைக்கவும் நாளாகும்.

அடுத்து மின்சாரம். திரை பெரிதானால் பின்னால் எரிகிற விளக்கும் பெரிது, பேட்டரி சீக்கிரம் இறங்கும். கணக்கு எளிது. பேட்டரியில் 40 வாட் அவர் என்று இருந்து, இயந்திரம் 10 வாட் எடுத்தால் 4 மணி நேரம் வரும். 16 வாட் எடுத்தால் இரண்டரை மணி நேரம்தான். கரண்ட் போகிற ஊரில் இது பெரிய வித்தியாசம். அதிலும் கடையில் இருக்கும் 17.3 அங்குல லேப்டாப்களில் நிறைய, விளையாட்டுப் பிள்ளைகளுக்காகச் செய்தவை. சூடாகும், விசிறி இரையும், பேட்டரி நிற்காது. நமக்குத் தேவையில்லாத சக்திக்கு நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

எங்கள் கருத்து இதுதான். இயந்திரம் அலுவலக மேசையை விட்டு நகராது என்றால் 17.3 அங்குலம் வாங்கலாம், தவறில்லை. வெளியூர் போகிற இயந்திரம் என்றால் 14 அல்லது 15.6 அங்குலம் வாங்கி, அலுவலகத்துக்கு 21 அல்லது 22 அங்குல மானிட்டர் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது. எச்.டி.எம்.ஐ. என்ற ஒரே ஒயரில் இரண்டையும் இணைத்தால் லேப்டாப்பில் உள்ளது மானிட்டரிலும் தெரியும். குழுக் கூட்டத்தில் 12 முதல் 20 பேர் உட்காருகிறோம், அத்தனை பேருக்கு 17.3 அங்குலமும் போதாது. கூட்டம் நடக்கும் கட்டடத்தில் புது மாதிரி டிவி இருந்தால் அதே ஒயரை அதில் மாட்டிக் கணக்கைக் காட்டலாம். பழைய 14 அங்குல டிவியில் இந்த ஒயருக்கு இடம் கிடையாது.

பணம் பற்றாக்குறை என்றால் திரையைக் குறைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பதைக் குறைக்காதீர்கள். நினைவகம் 8 ஜி.பி.யும், எஸ்.எஸ்.டி. சேமிப்பும் இருக்கட்டும். பழைய லேப்டாப் மலிவாக வந்தால், அதில் விண்டோஸ் 11 ஓடுமா என்று கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு உதவியை 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டார்கள்.

ஏற்கெனவே சின்னத் திரை வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டினால் எழுத்து பெரிதாகும். பத்திகள் குறைவாகத் தெரியும், பரவாயில்லை. வெள்ளெழுத்து உள்ளவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். எந்தத் திரையும் அதற்கு ஈடாகாது.

பெரிய திரை வாங்கியவர்கள் மூடியைத் திறக்கும்போது ஒரு மூலையைப் பிடித்துத் தூக்காமல் நடுவில் பிடித்துத் திறக்கவும். பாரம் அதிகம் என்பதால் கீல் தளர்ந்துவிடும். கீபோர்டு மேல் பேனாவை வைத்து மூடினால் திரை அன்றோடு போச்சு. வாங்கிய அன்றே பில், உத்தரவாத அட்டை, அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண் மூன்றையும் சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்துப் போடவும்.