சித்தம்பூண்டிக் கல்லும் ஓட்டுநர் இல்லாத இறக்கமும்

சேலத்துப் பாலிடெக்னிக்கில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம் எடுக்கும்போது, மேசைமேல் சித்தம்பூண்டிக் கல் ஒன்றை வைத்துவிடுவேன். பரமத்தி வேலூர்ப் பக்கம் கிடைக்கும் வெளிறிய அனார்த்தோசைட். நிலவின் மேட்டுநிலப் பாறையும் இதே இனம்தான். இதை அரைத்துப் பரப்பித்தான் இஸ்ரோ தன் நிலாக்கலங்களைச் சோதித்தது.

அவற்றுள் ஒன்றான சந்திரயான்-3இன் விக்ரம் இறங்குகலம், 2023 ஆகஸ்ட் 23 அன்று 30 கி.மீ. உயரத்திலிருந்து நிலவில் தானாகவே இறங்கியது. உயரத்தையும் வேகத்தையும் லேசர், ரேடார் கருவிகள் சொல்லச் சொல்ல, கணினி உந்துவிசையைத் திருத்திக்கொண்டே வந்தது. சுமார் 150 மீட்டரில் அந்தரத்தில் நின்று, கேமராவால் பள்ளம் பாறை பார்த்து இடம் தேர்ந்தது.

இஸ்ரோவின் மற்றச் சோதனைகளும் ராணுவ ஆய்வும் இதே கணக்கில்தான் நடக்கின்றன. 2023 ஏப்ரல் 2 அன்று விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர், இஸ்ரோவின் இறக்கை விண்கலத்தை 4.5 கி.மீ. உயரத்தில் விடுவித்தது, அது சித்ரதுர்கா ஓடுதளத்தில் தானே இறங்கியது. அங்கேயே 2022 ஜூலை 1 அன்று ராணுவ ஆய்வு அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் புதிய ஆளில்லா விமானம் ஒன்று முதன்முதலாகப் பறந்தது. 2023 டிசம்பரில் அது வால் இல்லாத வடிவில் பறந்தது. உள்ளங்கையில் குச்சியை நிறுத்துவதுபோல, கணினி இடைவிடாமல் திருத்தினால்தான் நேராகப் பறக்கும். எனக்கு அதுதான் பெரிய சாதனை.

தமிழகப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. எங்கள் பிள்ளைகள் அங்கே திருகாணி கடைவதோடு நிற்காமல், அந்தக் கணினிக்கு நிரலும் எழுத வேண்டும்.