கொல்லையில் சின்ன வெங்காயம்

பெல்லாரி வெங்காயத்தைப் போட்டுக் கொதிக்கவைத்து அதற்குச் சாம்பார் என்று பெயர் சூட்டுகிறவர்களிடம் நமக்கு விரோதம் ஒன்றுமில்லை. அநுதாபம் மட்டும் உண்டு. செட்டிகுளம், ஆலத்தூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயத்தை உண்டு வளர்ந்தவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்?

1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2007-ல் அதிலிருந்து அரியலூர் முடிவாகப் பிரிந்தது. உத்தியோகம் நம்மை அரியலூருக்குக் கொண்டுவந்துவிட்டது. விலை ஏறிய ஒரு மாதத்தில், வெங்காயத்தை எண்ணிப் போடும் நிலை வந்ததும், கொல்லையில் மண்வெட்டியோடு இறங்கினோம். அது சுண்ணாம்பு கலந்த மண். ஓரடி ஆழத்தில் கல்லாய்ச் சமைந்த கிளிஞ்சல் ஒன்று அகப்பட்டது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இவ்விடம் கடலாயிருந்ததென்று பையனுக்கு விளக்கியதில் அன்றைய வேலை நின்றுபோயிற்று.

ஆவணிக் கடைசியில், புதிதாய் அறுவடையான காயை வாங்கி நட்டோம். பதினைந்து நாளாகியும் முளை காணோம். செட்டிகுளத்துப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்துச் சிரித்தார். "வாத்தியாரையா, அதுக்கு இன்னும் தூக்கம் கலையலீங்களே!" என்றார். புதுக் காய்க்கு உறக்கக் காலம் உண்டு. இரண்டு மூன்று மாதம் பட்டறையில் கிடந்த காய்தான் விதைக்கு ஆகும். தரையில் படாமல் உயர்த்தி, காற்றோட்டம் விட்டு, மேலே கூரை வேய்ந்த அந்தப் பட்டறைகளை எத்தனையோ தரம் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறோம். ஏன் என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

ஐப்பசியில் பழங்காய் இரண்டு கிலோ நட்டோம். பாரின் இருபுறமும் 10 செ.மீ. இடைவெளி, வேர்ப்பக்கம் கீழே. கார்த்திகை மழையில் ஓரிரவு தண்ணீர் தேங்கிப் பள்ளத்துப் பாத்தி முழுதும் அழுகிற்று. வடிகால் வெட்டச் சோம்பிய பலன்! மேட்டுப் பாத்தி பிழைத்தது.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரின் கோ 5 ரகத்தை விதையிலிருந்தே நாற்றாக்கி வளர்க்கலாம். 90 நாள் ஆகும். ஹெக்டேருக்கு ஆயிரம் கிலோ காய் வாங்கி நடும் குடியானவருக்கு அது பெரிய மிச்சம். நான்கு பாத்திக்காரருக்குக் காயே சௌகரியம். எழுபது நாளில் தாள் சாய்ந்துவிடும். அதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்தவேண்டும்.

பிடுங்கியபோது ஒரு காய்க்கு ஐந்து, ஆறு என்று கொத்துக் கொத்தாய் வந்தது. நிழலில் உலர்த்தி நிறுத்தோம்: ஆறு கிலோ! இரண்டு கிலோவை வைகாசி நடவுக்கென்று கூடையிலிட்டு உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். நேற்று விருந்தாளி வந்தார். இன்று காலையில் பார்த்தால் கூடை சற்று இலேசாகத் தெரிகிறது.