தாடியோணான் குஞ்சின் ஊணும் உறையுளும்

விலங்குகளைத் தன் மனையிலே பழக்கி வளர்ப்பது மனிதனுக்குத் தொன்றுதொட்டு வந்த வழக்கமாகும். நாயும் பூனையும் புறாவும் அவனுடன் நெடுங்காலம் வாழ்ந்து, அவன் மனையின் வெப்பநிலைக்கும் அவன் உணவின் மிச்சிலுக்கும் இயைந்துவிட்டன. ஊர்வன அத்தகையன அல்ல. ஓணான் குஞ்சொன்றை வாங்கி வருபவன் ஒரு விலங்கை மாத்திரம் கொண்டுவருவதில்லை. அவ்விலங்கின் முன்னோர் வாழ்ந்த நிலத்தின் வெயிலையும் வறட்சியையும் குளிர்ந்த இரவையும் தன் மனையில் ஆக்கித் தருங் கடமையையும் உடன் ஏற்கின்றான். இதனை உணராமையினாலே, அன்போடு வளர்க்கப்பெற்ற குஞ்சுகள் பல, உணவு நிறைந்த கலத்தின் அருகிலேயே மெலிந்து மடிகின்றன. ஊணும் உறையுளும் இருவேறு பொருள்கள் என்று எண்ணுவதே இத்தவற்றுக்குக் காரணம். ஊர்வனவற்றைப் பொறுத்தவரை அவையிரண்டும் ஒன்றேயாம் என்பதனை, இன்று உலகின் பல நாடுகளில் விரும்பி வளர்க்கப்படும் தாடியோணானைக் கொண்டு விளக்கலாம்.

பிறப்பிடமும் இயல்பும்

தாடியோணான் அவுஸ்திரேலியாக் கண்டத்தின் கிழக்கு உள்நாட்டுக்கு உரியது. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தென் அவுஸ்திரேலியா முதலிய மாநிலங்களின் வறண்ட காடுகளிலும் புதர் நிலங்களிலும் அது வாழ்கின்றது. வேலிக்கம்பங்களிலும் விழுந்த மரங்களிலும் ஏறியிருந்து வெயில் காய்வது அதன் வழக்கம். 1926ஆம் ஆண்டில் ஏர்னஸ்ற் ஆல் என்னும் ஜேர்மானிய விலங்கியலாளர் இவ்வினத்தை விவரித்துப் பெயரிட்டார். இப்பொழுது வழங்கும் ‘பொகோனா விற்றிசெப்ஸ்’ என்னும் அறிவியற் பெயரின் முற்பகுதி, தாடி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் வந்தது. சினந்தபோதும் அஞ்சியபோதும் தொண்டையின் முட்செதில்களை விரித்துக் கருமை கொள்ளச் செய்தலால் இப்பெயர் பொருத்தமுடையதே. இலங்கையின் வேலிகளிலும் மரங்களிலும் தலையசைத்து நிற்கும் ஓணானும் இதுவும் ‘அகாமிடே’ என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

முட்டையினின்று வெளிவரும் குஞ்சு ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் நீளமும் இரண்டு மூன்று கிராம் நிறையுமே உடையது. ஏறத்தாழ ஓராண்டு முதல் ஒன்றரையாண்டுக்குள் அது அரை மீற்றர் அளவு நீண்ட விலங்காக வளர்ந்துவிடும். இவ்வளவு விரைந்த வளர்ச்சிக்கு வேண்டிய தசையும் எலும்பும் முதற்சில மாதங்களிலேயே பெரும்பாலும் அமைகின்றன. ஆதலின், அம்மாதங்களில் நேரும் பிழை பின்னர் எளிதில் திருத்தத்தக்கதன்று.

வெப்பமும் சமிபாடும்

மனிதனும் ஏனைய முலையூட்டிகளும் தாம் உண்ட உணவைக் கொண்டே உடல் வெப்பத்தைப் பேணுகின்றன. ஓணானுக்கு அவ்வாற்றல் இல்லை. அது வெப்பத்தைப் புறத்தினின்றே பெறுகின்றது. தாடியோணான் தன் உடலை ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைத்திருக்க விரும்புகின்றது. அந்நிலையிலே அதன் சமிபாட்டு நீர்கள் நன்கு தொழிற்படும். உடல் குளிர்ந்திருப்பின் உண்ட பூச்சி குடலிற் சமிக்காது தங்கும்; குஞ்சு பசியிழக்கும்; நாளடைவில் நலியும். வளர்ப்பவன் ‘உணவு பிடிக்கவில்லை போலும்’ என்றெண்ணி வேறு வேறு பூச்சிகளைத் தேடி அலைவான். குறை உணவிலன்று, வெப்பத்திலேயே உளது.

ஆதலாற் கூட்டினுள் ஒரே சீரான வெப்பம் போதாது. ஒரு முனையில் வெயில் காயும் இடமும் மறுமுனையில் நிழலும் அமைதல் வேண்டும். வெயில் காயும் கல்லின் அல்லது கட்டையின் மேற்பரப்பு, குஞ்சுக்கு ஏறக்குறைய 40 பாகை வெப்பமுடையதாக இருக்கலாம். குளிர்ந்த முனை 25 முதல் 28 பாகை வரை இருத்தல் நன்று. இவ்விரு எல்லைகளுக்கிடையே அங்குமிங்கும் நகர்ந்து, தனக்கு வேண்டிய வெப்பத்தைக் குஞ்சு தானே தேர்ந்துகொள்ளும். இரவில் விளக்கை அணைத்து, 20 பாகைக்குச் சற்று மேலான வெப்பநிலையில் இருளில் உறங்க விடுதல் வேண்டும். நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் வரை ஒளி போதுமானது.

வெப்பம் மேலிருந்தே வரல் வேண்டும் என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. மின்சாரத்தாற் சூடேறும் செயற்கைக் கற்கள் கடைகளில் விற்கப்படுகின்றன. வயிற்றுப்புறம் வேகுவதை ஓணான் உடனே உணர்ந்து விலகுவதில்லை. அதனாற் கடுமையான தீப்புண்கள் உண்டாகின்றன. விளக்கின் வெப்பத்தைக் கட்டுப்படுத்துங் கருவியும், இரு முனைகளிலும் ஒவ்வொரு வெப்பமானியும் இன்றியமையாதன. கையால் தொட்டுப் பார்த்து மதிப்பிடுதல் அளவையாகாது.

காணா ஒளியும் எலும்பும்

சூரிய ஒளியிலே கண்ணுக்குப் புலனாகாத ஊதாக்கடந்த கதிர்கள் உள. அவற்றுள் ஒரு பகுதி தோலிற் படும்போது விற்றமின் ‘டி3’ உண்டாகின்றது. உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு இவ்விற்றமின் வேண்டும். அஃது இல்லையெனின், எவ்வளவு கல்சியத்தைக் கொடுத்தாலும் அதன் பெரும்பகுதி பயன்படாது கழியும். அப்பொழுது குஞ்சின் உடல், குருதிக்கு வேண்டிய கல்சியத்தைத் தன் எலும்புகளினின்றே எடுக்கின்றது. தாடை மெதுமையாகும், கால்கள் வளையும், விரல்கள் நடுங்கும், முடிவில் எழுந்து நடக்கவும் இயலாது போகும். வீடுகளில் வளரும் இளம் ஓணான்களை வருத்தும் நோய்களுள் இதுவே முதன்மையானது. எளிதில் தடுக்கத்தக்கதும் இதுவே.

சாளரத்தின் ஓரத்தில் கூட்டை வைத்தாற் போதுமென்று சிலர் கருதுவர். சாளரக் கண்ணாடி வெளிச்சத்தையும் வெப்பத்தையும் உள்ளே விடும். ஆயின், விற்றமினை உண்டாக்கும் கதிர்களைப் பெரிதும் தடுத்துவிடும். அன்றியும், கண்ணாடிக் கூடு நேர் வெயிலில் இருப்பின் சிறிது நேரத்தில் உள்ளிருக்கும் உயிர் மாளும் அளவுக்குச் சூடேறும். எனவே, இக்கதிர்களை வெளியிடுதற்கென்று செய்யப்பட்ட குழல்விளக்கையே பயன்படுத்துதல் வேண்டும். அதனைக் கண்ணாடிக்கு அப்பால் வையாது, செய்தவர் குறித்த தூரத்தில், வெயில் காயும் இடத்துக்கு மேலாகப் பொருத்துதல் முறை. இவ்விளக்கில் ஒரு வஞ்சகமும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளி குன்றாது எரிந்துகொண்டிருக்கும்போதே கண்ணுக்குத் தெரியாக் கதிர்கள் குறைந்துவிடும். ஆதலின், எரிகின்றதே என்று வாளா இராது, செய்தவர் குறித்த காலத்தில் அதனை மாற்றுதல் வேண்டும்.

விற்றமினை உணவிலே கலந்து கொடுத்தால் விளக்கு எதற்கு என்று வினவலாம். தாடியோணான் குஞ்சுகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகின்றது. வாயால் விற்றமின் பெற்ற குஞ்சுகளைவிட, கதிர்களைப் பெற்ற குஞ்சுகளின் குருதியிலே அதன் அளவு மிக உயர்ந்திருந்தது. வாயாற் கொடுப்பதில் அளவு மீறினால் நஞ்சாகும் இடருமுண்டு. தோல் தானே ஆக்கிக்கொள்ளும்போது அவ்விடர் இல்லை.

உறையுளின் அமைப்பு

குஞ்சுக்கு 60 முதல் 90 சென்ரிமீற்றர் வரை நீளமுள்ள கூடு சிலகாலம் போதும். வளர்ந்ததற்கு 120 சென்ரிமீற்றர் நீளமும் 60 சென்ரிமீற்றர் அகலமும் உயரமும் குறைந்த அளவாகும். தொடக்கத்திலேயே பெரிய கூட்டை வாங்குவோர், குஞ்சு தன் இரையை எளிதிற் காணும் வண்ணம் இடத்தைச் சுருக்கி வைக்கலாம். ஏறுவதற்கு ஒரு கிளையும், வெயில் காய்வதற்கு ஒரு தட்டைக் கல்லும், ஒளிந்துகொள்வதற்கு ஒரு பொந்தும் வேண்டும்.

பாலைநிலத்து விலங்கு என்பதனால் மணலைப் பரப்புவோர் உளர். இரையைக் கௌவும் குஞ்சு மணலையும் உடன் விழுங்கும்; சிறிய குடல் அடைபடவும் கூடும். பழைய செய்தித்தாள் அழகற்றதாயினும் குஞ்சுக்கு அதுவே ஏற்றது. நாடோறும் மாற்றலாம், மலத்தின் நிலையையும் தெளிவாகக் காட்டும்.

ஒரு கூட்டில் ஒரு குஞ்சையே வைத்தல் வேண்டும். தனிமையில் வருந்துமே என்று இரண்டை வாங்குதல் மனித உள்ளத்தின் இரக்கம், ஓணானின் விருப்பமன்று. வலியது வெயிலிடத்தையும் இரையையும் கைக்கொள்ளும். மெலியது முன்காலை மெல்ல உயர்த்திச் சுழற்றிப் பணிவைக் காட்டும். காண்போர் அதனை விளையாட்டென்று மகிழ்வர். பின்னர் ஒன்றன் விரலையோ வால் நுனியையோ மற்றது கடித்துவிடும். சுவர்ப் பல்லியின் வால் அறுந்தால் மீள வளரும். தாடியோணானின் வால் வளராது.

உணவும் ஊட்டும் முறையும்

வளர்ந்த தாடியோணான் பெரும்பாலும் இலைகளையே உண்ணும். குஞ்சுக்கோ பூச்சிகளே முதன்மையான உணவு. முதற்சில மாதங்களில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 10 அல்லது 15 நிமிடங்களில் உண்ணுமளவு கொடுக்கலாம். வளர வளரப் பூச்சியைக் குறைத்து இலையைப் பெருக்கிக்கொண்டு செல்லுதல் வேண்டும். பூச்சியின் பருமன் குஞ்சின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை மிஞ்சலாகாது. இவ்விதி எளியதாயினும் பல குஞ்சுகளைக் காக்க வல்லது.

உணவுக்கென்று வளர்க்கப்பட்ட சில்வண்டுகளும் சிறு கரப்பான்களும் ஏற்றவை. வயல்வெளிகளிலும் தோட்டங்களிலும் பிடித்தவற்றில் பூச்சிகொல்லி மருந்து இருத்தல் கூடும். மின்மினியை ஒருபோதும் கொடுத்தலாகாது. ஒரு மின்மினியும் தாடியோணானைக் கொல்லப் போதுமான நஞ்சுடையது. மாலையில் எஞ்சிய சில்வண்டுகளை எடுத்துவிடுதலும் வேண்டும். உறங்கும் குஞ்சை அவை கடித்துப் புண்படுத்தும்.

உணவிலே கல்சியம் பொசுபரசைப்போல் இருமடங்கு இருத்தல் நன்று. சில்வண்டிலோ பொசுபரசே பன்மடங்கு மிகுதி. இக்குறையை நீக்க இரு வழிகள் உண்டு. முதலாவது, பூச்சிகளுக்கு ஒருநாள் முன்னரே சத்துள்ள இலைகளையும் காய்களையும் ஊட்டுதல். பூச்சி உண்டதே குஞ்சுக்குச் சேரும். இரண்டாவது, கொடுக்குமுன் அவற்றைக் கல்சியப் பொடியிற் புரட்டுதல்.

இலையுணவையும் சிறிதாக நறுக்கி நாடோறும் காலையில் வைத்தல் வேண்டும். குஞ்சு முதலில் அதனைப் புறக்கணிப்பினும் வைத்துப் பழக்கினாலன்றிப் பின்னர் உண்ணாது. தலைகூடாக் கோவா வகை இலை, முசுக்கட்டை இலை, செவ்வரத்தம் பூ, துருவிய பூசணி முதலியன நல்லன. ஸ்பினாச்சுக் கீரையிலுள்ள ஒட்சலேற்று கல்சியத்தைப் பிணித்துவிடுதலால் அது நாடோறும் கொடுக்கத்தக்கதன்று. ஆனைக்கொய்யாப் பழம் நஞ்சாகும்.

தேங்கி நிற்கும் நீரைச் சில குஞ்சுகள் நீரென்று அறிவதில்லை. ஆழமற்ற கலத்தில் நீர் வைப்பதுடன், மூக்கின் மேல் சில துளிகளை விட்டால் நக்கிக் குடிக்கும். கூட்டை எப்பொழுதும் ஈரமாக வைத்தல் மூச்சுறுப்புகளுக்குத் தீங்கு பயக்கும்.

வளர்ப்போன் கடமை

புதிய இடத்துக்கு வந்த குஞ்சு முதற்சில நாள்கள் உண்ணாதிருத்தல் இயல்பே. அதனைக் கையிலெடுத்து மகிழும் ஆசையை அந்நாள்களில் அடக்குதல் வேண்டும். கிழமைக்கு ஒருமுறை நிறுத்து நிறையைக் குறித்து வருதல் நன்று. கண் காணாத நலிவைத் தராசு காட்டும். நிறை குறையினும் கால் நடுங்கினும் காலந் தாழ்த்தாது மிருக வைத்தியரை நாடுதல் வேண்டும். நலமுள்ள ஓணானும் சல்மொனெல்லாக் கிருமிகளைத் தன்னிடத்தே கொண்டிருக்கக் கூடும். ஆதலின், தொட்ட பின்னர்ச் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதலும், கூட்டுக் கலங்களைச் சமையலறையிற் கழுவாது விடுதலும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை விலக்கி வைத்தலும் ஒழுங்காகும்.

குஞ்சு எங்கிருந்து வந்தது என்பதும் அறியத்தக்கது. அவுஸ்திரேலியா தன் நாட்டு விலங்குகளை வணிகத்துக்காக வெளியேற்றுவதைத் தடைசெய்துள்ளது. ஆயின், தாடியோணான் பிறநாடுகளில் வீடுகளிலேயே எளிதில் இனம் பெருகுகின்றது. ஆகவே காட்டினின்று பிடிக்க வேண்டிய தேவையில்லை. இலங்கைக்கே உரிய கொம்போணான்களின் நிலை வேறு. மலைக்காடுகளின் குளிர்ந்த ஈரச்சூழலில் வாழும் அவற்றைக் களவாகக் கொண்டுசென்று பிறநாட்டுச் சந்தைகளில் விற்றனர். அதனால் 2019ஆம் ஆண்டில் செனீவாவிற் கூடிய மாநாட்டிலே அவை பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. வளர்க்க விரும்பும் உயிர் கூட்டிற் பிறந்ததா, காட்டினின்று பறிக்கப்பட்டதா என்று வினவுதல் வாங்குவோனின் முதற் கடமை.

நன்கு பேணப்பட்ட தாடியோணான் பத்தாண்டளவும் அதற்கு மேலும் வாழும். பாடசாலை மாணவன் ஒருவன் வாங்கிய குஞ்சு, அவன் கல்வி முடித்துத் தொழில் புரியும் காலத்தும் அவன் கையையே எதிர்நோக்கி இருக்கும். குளிர்கின்றது என்றோ எலும்பு நோகின்றது என்றோ அது குரலெடுத்துக் கூறாது. ஆகையால், அதன் குறையை முன்னறிந்து நீக்குதல் அறிவுடையோர்க்கே இயலும். கூட்டை முதலில் வாங்கி, விளக்குகளைப் பொருத்தி, இரு முனைகளின் வெப்பத்தையும் சில நாள்கள் அளந்து, அளவு நிலைபெற்ற பின்னரே குஞ்சை வாங்குக. அன்பு உயிரைப் பேணுதற்கு வேண்டுவதே. வெப்பமானியைப் பார்க்க அறியாத அன்பு மாத்திரம் போதாது.