எந்த ஃபில்டர்?

கிராமத்து வீடுகளுக்குத் தண்ணீர் ஃபில்டர் வாங்கிக் கொடுக்கலாம் என்று நம் மாணவர்கள் பலர் ஆர்வமாகப் பேசுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எந்த ஃபில்டர்?

நான் தர்மபுரி மாவட்டத்துக்காரன். எங்கள் பக்கம் பூமிக்கடியில் முழுக்கப் பாறை. அதிலுள்ள தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு கரைந்து போர்த் தண்ணீரில் சேருகிறது. பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், வாடையும் கிடையாது. ஆனால் பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போதே கறையோடு முளைக்கும். பல வருஷம் குடித்தால் முதுகும் மூட்டும் இறுகும். எங்க ஆயாவால் நிமிர்ந்து நடக்க முடியாது. "வயசாச்சு இல்ல" என்பார்கள். தண்ணீரை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது, பெரிய காரியம். ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் எங்க வீட்டில் போர்த் தண்ணீர்தான்.

இந்தியத் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடுதான் ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. கடையில் விற்கும் கேண்டில் ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், கரைந்திருக்கும் ஃபுளோரைடைப் பிடிக்காது. காய்ச்சினால் இன்னும் மோசம்! தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே நிற்கும்.

நாக்பூர் நீரி நிறுவனம் கண்டுபிடித்த நல்கொண்டா முறையில், வாளித் தண்ணீரில் படிகாரமும் சுண்ணாம்பும் அளவோடு கலந்து, தெளிய வைத்து இறுத்துக் கொள்ளலாம். அந்த 'அளவோடு' என்பதுதான் சிரமம்; ஊருக்கு ஊர் அளவு மாறும்.

இன்னொன்று ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டர். இந்த மணிகள் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரண்ட் வேண்டாம். ஆனால் சில மாதத்தில் மணிகள் நிரம்பிவிடும். அப்புறமும் தண்ணீர் சொட்டிக்கொண்டேதான் இருக்கும், ருசியும் மாறாது. வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? காஸ்டிக் சோடாவில் கழுவி, நீர்த்த அமிலத்தால் சமன் செய்தால் மணிகள் மறுபடி வேலை செய்யும். இதை எங்க அம்மாவைச் செய்யச் சொல்ல முடியுமா?

ஆகவே கொடுப்பதற்கு முன்னால் போர்த் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். நம் கெமிஸ்ட்ரி லேபிலேயே முடியும்: ஸ்பேண்ட்ஸ் கரைசல் சேர்த்தால், ஃபுளோரைடு கூடக்கூட அதன் சிவப்பு வெளிறும். ஃபில்டர் வழியாக வந்த தண்ணீரையும் மாதம் ஒருமுறை இப்படியே பார்த்து, நிரம்பிய மணிகளை லேபுக்கு எடுத்து வந்து கழுவலாம். கழுவிய நீரில் ஃபுளோரைடு நிறைய இருக்கும். அதைப் போர் பக்கம் கொட்டக் கூடாது.

பத்து வீட்டுக்கு மேல் நம்மால் பார்க்க முடியாது என்று நினைக்கிறேன். அந்தப் பத்தை முதலில் எடுப்போம்.