ஊர்ப் பெயரில் கிளி இருக்கிறது, கிளி எங்கே?

பாயான் பாரு அடுக்குமாடி வீடுகளில் வளரும் பிள்ளைகளிடம் ஊர்ப் பெயருக்குப் பொருள் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விழிப்பார்கள். மலாய் மொழியில் பாயான் என்றால் கிளி, பாரு என்றால் புதியது. சொல்லிக் கொடுத்ததும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "அப்படின்னா கிளி எங்கே பாட்டி?"

நல்ல கேள்வி. பிராணிகளும் செடிகொடிகளும் எங்கே வாழ்கின்றன என்ற பாடத்தை இதிலிருந்தே தொடங்கலாம். சிங்கத்துக்குக் குகை, கிளிக்குக் கூண்டு என்று கோடு போட்டு இணைக்கச் சொல்லும் படத்தாள்கள் இன்னும் சில இடங்களில் உண்டு. சிங்கம் புல்வெளியில் வாழ்வது. கூண்டோ, கிளிக்கு நாம் கட்டிய சிறை.

காட்டுக்கிளி உயரமான மரத்தின் பொந்தில் முட்டையிடும். பட்டுப்போன மரம் அதற்கு மிகவும் ஏற்றது. நமக்கு அது விறகு. கிளிக்கு அது பிரசவ அறை. மரத்தைச் சாய்த்துவிட்டால் சுற்றிலும் எத்தனை பழம் பழுத்தாலும் குஞ்சு பொரிக்க இடமில்லை. தோட்டத் துண்டாடல் காலத்தில் லயத்தைக் காலி செய்துகொண்டு, சட்டி பானையுடன் சாலையில் நின்ற குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாயான் பாருவும் 1970களில் வயல் நிலத்தில் எழுந்த புது நகரம்தான். பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் 1972இல் தொடங்கியது. அங்கே வேலைக்கு வந்த நம் பெண்களால் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. வயல் போனதால் வயல் பறவைகளும் போயின. இரண்டையும் சேர்த்தே பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

சொல்லிக் கொடுக்கப் புத்தகம் வேண்டாம். தோட்டத்தில் வளர்ந்த பாட்டி வீட்டில் இருந்தால் அதுவே போதும். எந்தப் புற்றில் பாம்பு இருக்கும், தூக்கணாங்குருவி எங்கே கூடு கட்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தில் பாட்டியையும் திருத்த வேண்டும். ஆந்தை அலறினால் சாவு என்று கல்லெறிவார்கள். செம்பனைத் தோட்டங்களில் அதே கூகைக்குப் பெட்டி வீடு கட்டி, கம்பத்தில் உயர்த்தி வைத்து வரவேற்கிறார்கள். பழத்தைத் தின்னும் எலிகளை அது பிடித்துத் தின்கிறது. வீடு கொடுத்ததும் வேலை செய்ய வந்துவிட்டது!

அடுக்குமாடியில் என்ன பார்ப்பது என்று தாய்மார்கள் கேட்கலாம். சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தை அண்ணாந்து பாருங்கள். கிளையில் பெரிய பச்சைக் கூடை போலப் பெரணிச் செடி உட்கார்ந்திருக்கும். மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. தன் மடியில் விழும் இலை மக்கியதும், மழைநீரும் அதற்குப் போதும். ஒரு செடிக்கு இன்னொரு மரம் வீடாகும் என்பதைப் பிள்ளை அங்கேயே கண்டுகொள்ளும். பூச்சட்டித் தட்டில் தேங்கிய நீரையும் காட்டுங்கள். ஏடிஸ் கொசுவின் வீடு அது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். இந்த ஒரு வீட்டை மட்டும் பிள்ளை தன் கையாலேயே கவிழ்க்கட்டும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகிறவர்கள், இன்னொரு நாள் பக்கத்திலுள்ள தாவரவியல் பூங்காவுக்கும் போய் வரலாம். 1884இல் தொடங்கியது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்கு அங்கே மரத்தில் இருக்கும். தாய் கறுப்பு, கைக்குழந்தையோ ஆரஞ்சு நிறம். பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். இலை தின்று பழகிய வயிறு அதற்கு. ரொட்டி போடாதீர்கள். தெலுக் பகாங்கில் சாலை இந்தக் குரங்குகளின் காட்டைப் பிரித்துவிட்டதால், 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே அவற்றுக்கு ஒரு தொங்குபாலம் கட்டினார்கள்.

கிளியைத் தேடுவதென்றால், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் கிளம்புங்கள். மரங்கள் அடர்ந்த பக்கமாகப் போய், எங்காவது பட்டமரம் நின்றால் அதன் பொந்திலிருந்து எது தலை நீட்டுகிறது என்று பிள்ளை சொல்லட்டும். மைனாவாக இருந்தாலும் பாதகமில்லை. வெயில் ஏறிவிட்டால் எதுவும் வெளியே வராது.